குறைந்த செலவில் வீட்டு ஸ்டீரியோவை மேம்படுத்துவது எப்படி? 15,000 ரூபாய்க்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒரு பழைய ஸ்டீரியோ இருக்கிறது. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த மினி செட், அல்லது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி மெக்கானிக் கட்டிக்கொடுத்த அசெம்பிள் செட். பாட்டு வருகிறது. ஆனால் பாடுகிறவரின் வார்த்தைகள் தெளிவாக விழவில்லை. மிருதங்கமும் பேஸ் கிட்டாரும் ஒரே ‘தொம்’மாகக் கேட்கின்றன. கடைக்குப் போனால் கூடுதல் வாட் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அதை வாங்கினால் அதே தெளிவில்லாத சத்தம் இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கையில் பணம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். முதலில் அறையும் ஸ்பீக்கர் வைக்கும் இடமும். அடுத்து, இருக்கும் ஸ்பீக்கரைப் பழுதுபார்ப்பது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் புது ஸ்பீக்கர். ஆம்ப் அதற்குப் பிறகு. வயர், புளூடூத், டிஏசி (போனின் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் சிறு கருவி) எல்லாம் கடைசி. முதல் இரண்டு வேலைகளோடு திருப்தியாகி, பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இருப்பதைச் சோதிப்பது

ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணியைக் கழற்றுங்கள். அதிரும் கூம்பான கோனைச் சுற்றி இருக்கும் வளையம், நம் மெக்கானிக்குகள் ‘எட்ஜ்’ என்று சொல்வது, ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் என்றால் விரலால் மெதுவாகத் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரக்கூடும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஃபோம் எட்ஜ் சீக்கிரம் மக்கிவிடும்.

அடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் இருபக்கமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில், அதாவது கோனின் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள், கோணிவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றே சொச்சம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் எரிந்திருக்கும், அல்லது உள்ளே வயர் அறுந்திருக்கும்.

உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் வேலை செய்கிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். ஒரு பக்க ட்வீட்டர் போய்ப் பல வருடமாகியும் யாரும் கவனிக்காத வீடுகள் நிறைய.

இன்னொரு சோதனை கட்டாயம்: இரண்டு ஸ்பீக்கர்களின் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றனவா? ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றி, சிவப்பு முனையில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸையும் கறுப்பில் மைனஸையும் கணநேரம் தொட்டு எடுங்கள். உஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரின், கோன் வெளியே வர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் வெளியேயும் மற்றதில் உள்ளேயும் போனால், பேஸ் ஒன்றையொன்று அடித்துவிடும். குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும். இதற்கு வயரை மாற்றிச் செருகினால் போதும். காசே ஆகாது.

அறையும் இடமும்

நம் வீடுகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் எங்கே இருக்கிறது? ஒன்று ஷோகேஸ் உள்ளே, மற்றொன்று பீரோ மேலே. இல்லாவிட்டால் இரண்டும் பரணில், கீழ்நோக்கிச் சாய்த்து. இப்படி இருக்கும்வரை எந்த விலை ஸ்பீக்கரும் ஸ்டீரியோவாகக் கேட்காது. இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், உங்கள் தலை மூன்றும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ஆறடி இடைவெளியில் ஸ்பீக்கர் இருந்தால் நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் ஆறடியில் உட்காருங்கள். ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்துக்கு வர வேண்டும். தரையில் நாற்காலி போட்டால் அது சுமார் மூன்றடி.

ஸ்டாண்ட் வாங்க வேண்டாம். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, மேலே ஒரு துண்டு கடப்பா கல்லை வைத்தால் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்டாண்டின் வேலையைச் செய்யும். கனம்தான் இதில் தேவை. கல்லுக்கும் பெட்டிக்கும் இடையில் நான்கு சிறு ரப்பர் துண்டுகளை வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கற்களைச் சிமென்ட் பூசி ஒட்டிவிடுவது நல்லது.

பின்சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை அடியாவது முன்னே இழுத்து வையுங்கள். சுவரை ஒட்டி வைக்கும்போது பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். கேட்க நிறைவாகத் தோன்றும் அந்தப் பேஸ்தான் குரலை மூடி மறைக்கிறது. பெட்டியின் பின்னால் ஓட்டை இருந்தால் இந்த இடைவெளியில் கறாராக இருங்கள்.

இனி அறை. தமிழ்நாட்டில் அறை என்றால் சிமென்ட் பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. மூன்றுமே சத்தத்தை அப்படியே திருப்பி அடிப்பவை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகும் ‘டர்ர்’ என்று ஓர் அதிர்வு நீண்டால், பாட்டிலும் அந்த ‘டர்ர்’ ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இதற்குத் தடிமனான துணிகள் உதவும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் தரையில் ஒரு ஜமக்காளம், பவானி ஜமக்காளம் என்றால் இன்னும் நல்லது. இரண்டாக மடித்துப் போட்டால் கனம் கூடும். ஜன்னலுக்கு மெல்லிய பாலியஸ்டருக்குப் பதில் கனமான திரை, மடிப்புகள் நிறைய விழும்படி. பக்கச் சுவரில் எந்த இடத்தில் துணி வேண்டும் என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள்; வீட்டில் ஒருவரைச் சுவர் ஓரமாக ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போகச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் சத்தம் முதலில் மோதித் திரும்புகிறது. அங்கே ஒரு புத்தக அலமாரி, அல்லது மரச்சட்டத்தில் இரண்டு அங்குல ராக்வூலை (கல் இழைப் பஞ்சு) துணியால் மூடி மாட்டிய பலகை. துகள் பறக்காதபடி ராக்வூலை எல்லாப் பக்கமும் மூடுவது அவசியம்.

தெர்மகோலும் முட்டை அட்டையும் ஒட்டாதீர்கள். ஸ்டுடியோவில் பார்த்தது போலத் தெரியும், ஆனால் தெர்மகோல் சத்தத்தைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. முட்டை அட்டை உயர் ஸ்தாயியில் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். இரண்டும் தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

துணியால் பேஸ் பிரச்சினை தீராது. அது அறையின் அளவோடு பின்னியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பிட்ட ஸ்தாயி, அதாவது அதிர்வெண், மட்டும் நின்று ஒலிக்கும். அதைக் கணக்கிட ஒலியின் வேகமான 343ஐ (நொடிக்கு மீட்டர்) மீட்டரில் அளந்த அறை நீளத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 12 அடி, அதாவது 3.66 மீட்டருக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். இப்போது யோசித்துப் பாருங்கள்: பத்துக்குப் பத்து அறை, கூரையும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றுமே அதே 56 ஹெர்ட்ஸைத் தூக்கிக் கொடுக்கின்றன. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம்) எந்த அடிக்கும் ஒரே ‘தொம்’மாகக் கேட்பதன் காரணம் பல வீடுகளில் இதுவே. சதுர அறையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பத்துக்குப் பதின்மூன்று இருக்கும் ஹாலுக்கு செட்டை மாற்றலாம். முடியாவிட்டால் நாற்காலியைப் பின்சுவரை ஒட்டிப் போடாதீர்கள், அறையின் சரிநடுவிலும் போடாதீர்கள். நீளத்தில் முன்சுவரிலிருந்து அல்லது பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரம் நல்ல தொடக்கம். அங்கிருந்து அரையடி அரையடியாக நகர்ந்து கேளுங்கள். தொப்பியின் வெவ்வேறு அடிகள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பழைய ஸ்பீக்கரை உயிர்ப்பிப்பது

மக்கிய எட்ஜுக்காக ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். உஃபரின் அளவுக்கேற்ற எட்ஜ் ஆன்லைனிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கும். கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ரீகோனிங் (கோன், எட்ஜ் மாற்றும் வேலை) செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்களே மாற்றுவதானால் பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். இந்த வேலையில் பாதி நேரம் அதற்கே போகும். முதலில் எட்ஜைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு வெளிவளையத்தைச் சட்டத்தோடு ஒட்டும்போது, ஸ்பீக்கரை ஆம்ப்பில் இணைத்து, போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை அதன் வழியே மிகக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, கோன் உரசாமல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். ஒருநாள் முழுக்கக் காய வேண்டும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோமையே போடுங்கள். ரப்பர் நீண்ட நாள் வரும் என்று கடையில் சொல்வது உண்மை, ஆனால் அதன் கனமும் விறைப்பும் வேறு. பெட்டியின் பேஸ் மாறிவிடும்.

மலிவான பெட்டிகளில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் கிராஸ்ஓவர், அதாவது தாழ்ந்த ஒலி ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும் பகுதி. 2.2 அல்லது 3.3 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் அது. வருடங்கள் போகப்போக மதிப்பு மாறிப்போகும். அதே மதிப்புள்ள பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டரைச் சோல்டர் செய்யுங்கள். ஒரு நல்ல சாப்பாட்டின் விலையில் ட்ரெபிள் திரும்பி வரும். மதிப்பைக் கூட்டினால் இன்னும் தெளிவாகும் என்று நினைத்து மாற்றாதீர்கள்: 8 ஓம் ட்வீட்டருக்கு 2.2 போட்டால் சுமார் 9,000 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும், 4.7 போட்டால் 4,200க்கே இறங்கிவிடும். சிறிய ட்வீட்டர் அதைத் தாங்காமல் எரியும்.

ஆம்ப்பில் வால்யூம் திருப்பும்போது கரகரவென்றால், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கன்ட்ரோலின் சிறு துவாரத்தில் அடித்து முப்பது நாற்பது முறை திருப்புங்கள். மூடியைத் திறப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சரி.

ஸ்பீக்கர் வாங்குவதானால்

இத்தனைக்குப் பிறகும் மனம் நிறையவில்லை என்றால், பணத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும். 15,000 ரூபாயில் 8,000 முதல் 9,000 வரை ஸ்பீக்கருக்கு, 3,000 ஆம்ப்புக்கு, 1,000 டிஏசிக்கு, மிச்சம் வயர், கல், திரை, ஜமக்காளத்துக்கு. நான் பிரிப்பது இப்படித்தான். பழைய ஆம்ப் நன்றாக இருந்தால் அந்த 3,000த்தையும் ஸ்பீக்கரோடு சேர்த்துவிடுங்கள். ஓர் ஆம்ப்புக்கும் இன்னோர் ஆம்ப்புக்கும், ஒரு டிஏசிக்கும் இன்னொரு டிஏசிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக் கண்டுபிடிக்கச் சிரமப்படுவோம். ஸ்பீக்கர் மாறினால் சமையலறையில் இருப்பவருக்கும் தெரியும்.

இந்த விலையில் செகண்ட் ஹேண்ட் சந்தைதான் நல்ல சந்தை. ஐந்து அல்லது ஆறரை அங்குல உஃபரோடு ஒரு ட்வீட்டர், கனமான பெட்டி, அது போதும். மூன்று, நான்கு உஃபர், வண்ண விளக்கு, பெரிய பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றையும் தவிருங்கள். கொல்கத்தாவின் சோனோடைன் பழைய பெட்டிகள் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினால் ‘டக்’ என்று ஊமையாகக் கேட்க வேண்டும். ‘டொங்’ என்றால் பலகை மெல்லிசு.

பார்க்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளைப் போனில் ஏற்றிக்கொண்டு, ஆக்ஸ் வயரும் மல்டிமீட்டரும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு வாய்ப்பாட்டு, ஒரு நாதஸ்வரம், ஒரு தனி ஆவர்த்தனம் போதும். வாய்ப்பாட்டில் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், காற்றில் நிற்க வேண்டும். நாதஸ்வரம் பலமாக இருக்கலாம், காதைக் குத்தக் கூடாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் வலந்தலையும் (வலது பக்கம்) தொப்பியும் இரண்டு தனி ஒலிகளாக வர வேண்டும்.

ஆம்ப்பே இல்லாதவர்களுக்கு, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் நல்ல வழி. இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும் சிறிய ஸ்டுடியோ மானிட்டர்கள், சிறிய அறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு மிகப் பொருத்தம்.

ஆம்ப்: வாட் கணக்கு

பெட்டியில் ‘பிஎம்பிஓ’ (கணநேர உச்ச வாட்) என்று போட்டிருக்கும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டை மட்டும் பாருங்கள். அதையும் நாமே சரிபார்க்கலாம். ஆன்லைனில் ஏராளமாக விற்கும் டிபிஏ 3116 சிப் போர்டு ‘50 + 50 வாட்’ என்று சொல்லும். நல்ல சிப், மலிவு விலை, நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த 50 வாட், 21 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு. அதே போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் செருகி 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், 12ஐ 12ஆல் பெருக்கி, 8 ஓமின் இருமடங்கான 16ஆல் வகுத்தால் 9 வாட். ஒலி உடையாமல் அதற்கு மேல் அது தர வழியே இல்லை. 24 வோல்ட் சப்ளை கொடுத்தால் 30 வாட்டை ஒட்டி வரும். போர்டின் விலையில் மிச்சம் பிடித்ததை நல்ல 24 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளைக்குப் போடுங்கள்.

30 வாட் போதுமா? போதும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். இருமடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணை, அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் அது எழுப்பும் சத்தத்தைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்: 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்டில் கிடைக்கும் சத்தம், 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்டிலேயே கிடைத்துவிடும். இதனால்தான் சான்யோவின் எல்ஏ 4440 ஐசி, ஸ்டீரியோவில் சேனலுக்கு ஆறே வாட் கொடுத்துக்கொண்டு, நம் ஊர் டீக்கடைகளிலும் வேன்களிலும் அத்தனை காலம் ஓடியது.

பழைய ஆம்ப் வாங்கினால், உங்கள் ஸ்பீக்கரை மாட்டும் முன்பு, பாட்டு ஓடாத நிலையில் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டை அளந்துவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நூற்றைத் தாண்டினால் பழுதுபார்க்காமல் மாட்டக் கூடாது. வோல்ட் கணக்கில் வந்தால் காயில் எரிந்துவிடும். பின்தகட்டையும் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட்டுக்கானது. நம் 230இல் நேரே செருகினால் முடிந்தது கதை. அதற்கான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பழைய ஹோம் தியேட்டரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள் பல 3 ஓம். குறைந்தது 4 ஓம் கேட்கும் ஆம்ப்பில் அவற்றை மாட்டாதீர்கள்.

வயர், போன், டிஏசி

வயருக்கு வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்தத் தடை சுமார் 0.12 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆன்லைனில் மலிவாக வரும் சில ‘ஸ்பீக்கர் வயர்’ உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். மீட்டர் ஆயிரம் ரூபாய் வயர் எதுவும் இந்தக் கட்டுரைக்குள் வராது.

போனில் ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதிலிருந்தே ஆக்ஸுக்கு எடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு யுஎஸ்பி டாங்கிள் டிஏசி. சாதாரண புளூடூத்தும் மோசமில்லை. அதைவிட அதிகம் கெடுப்பது பாட்டின் மூலம்தான்: கேசட்டிலிருந்து ஏற்றி, எக்கோ சேர்த்து, ‘5.1’ என்று தலைப்பிட்ட பதிவுகள். நிறுவனமே வெளியிட்ட பதிவைத் தேடுங்கள், அல்லது பழைய ஆடியோ சிடி வாங்குங்கள். ஆப்பில் டேட்டா சேவரை அணைத்து, போன் வால்யூமை முழுக்க ஏற்றி, கட்டுப்பாட்டை ஆம்ப்பில் வையுங்கள்.

லேப்டாப்பை இணைத்தால் ‘ம்ம்’ என்று ஹம் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வழியாக வரும் சுற்று அது. ஆம்ப்பையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், அல்லது ஆக்ஸ் வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டுங்கள். எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.

ஈக்வலைசர்

செலவில்லாத கடைசிக் கருவி. 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஸ்தாயியாகப் போனில் ஓடவிட்டு, உங்கள் நாற்காலியில் எது திடீரென்று வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தடி அறையில் அது 56ஐ ஒட்டி இருக்கும். அந்த இடத்தை மட்டும் 4 அல்லது 6 டெசிபல் குறையுங்கள். கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு ரூம் ஈக்யூ விசர்ட், ஈக்வலைசர் ஏபிஓ இரண்டும் இலவசம். முதலாவது அளக்க, இரண்டாவது திருத்த. வீக்கத்தைக் குறைக்கலாம், பள்ளத்தை ஏற்றி நிரப்ப முயலாதீர்கள். அறை அழிக்கும் ஸ்தாயியை எவ்வளவு ஏற்றினாலும் அறை அழித்துக்கொண்டேதான் இருக்கும், ஆம்ப்தான் சூடாகும். செட்டில் இருக்கும் ‘ராக்’, ‘பாப்’ பொத்தான்களை அணைத்துவிடுங்கள். லவுட்னஸ் பொத்தானை மட்டும் விட்டுவைக்கலாம்: குறைந்த வால்யூமில் நம் காதுக்குப் பேஸ் சரியாக எட்டாது, இரவில் மெதுவாகக் கேட்கும்போது அது உண்மையிலேயே உதவும்.

சப்வூஃபர்

தாழ்ந்த பேஸுக்கென்றே இருக்கும் இந்தத் தனிப் பெட்டி, மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகுதான், அடுத்த தீபாவளிப் பணத்தில். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதை வாங்காமலே இருக்கலாம். தாழ்ந்த ஸ்தாயி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். தனி வீடு என்றால் சப்பை முதலில் உங்கள் நாற்காலி மேலேயே வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, வால்யூமைச் சப் தனியாக இருப்பதே தெரியாத அளவுக்கு இறக்குங்கள். பின்பக்க ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, நாற்காலியில் பேஸ் எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.